இடது இருக்கையில் யாரும் இல்லை

வழக்கம்போல நெடுஞ்செழியன் முதலில் ஆட்களைத்தான் எழுதினார்.

‘கோரமண்டல், திருமதி லவினா பங்களாவின் கார் ஷெட். பிற்பகல் இரண்டு பத்து. மழை. உடனிருந்தவர்கள்: வாசலையொட்டிப் பிரம்பு நாற்காலியில் திருமதி லவினா, காரின் உரிமையாளர். கவிழ்த்த எண்ணெய் டின்னின் மேல் திரு. ரூபேஷ், பெங்களூரில் காரை வாங்க இருப்பவரின் ஆள். வலது முன் சக்கரத்தருகே சாக்கின் மேல் மெக்கானிக் மகிழன். பானெட்டுக்கு எதிரே முக்காலியில் நான். காரின் இடது இருக்கையில் யாரும் இல்லை.’

முற்றுப்புள்ளி வைத்த பிறகுதான் கடைசி வரி கண்ணில் பட்டது. பதினைந்து வருஷமாகப் பழைய கார்களைப் பார்த்துச் சான்றுக் கடிதம் எழுதுகிறார். எந்தப் பாகம் கம்பெனியிலிருந்து வந்தது, எது பிற்பாடு சேர்த்தது என்று ஒன்றொன்றாக எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுப்பார். அந்தக் கையெழுத்துக்குப் பெங்களூரில் மரியாதை உண்டு. இருப்பவரை எழுதுவதுதான் முறை. இல்லாதவரை எழுத ஆரம்பித்தால் அதற்கு முடிவேது? அடிக்கலாமென்று பேனாவைக் கொண்டுபோனார். அடித்தல் திருத்தல் இல்லாத குறிப்பேடு அவருடையது. அப்படியே விட்டுவிட்டார்.

“இன்னா மேன், என் பேர எழுதவே அஞ்சு நிமிஷமா?” என்றாள் லவினா. எழுபதைத் தாண்டியவள், பாதத்தைச் சூடான தண்ணீர்ப் பையில் வைத்துக்கொண்டிருந்தாள். “எங்க டாடி சொல்வாரு, நெடுஞ்செழியன் ஒரு போல்ட்டு கழட்டுறதுக்குள்ள ஷிஃப்ட் முடிஞ்சிடும்னு.”

ரூபேஷ் சிரித்தான். நெடுஞ்செழியனும் சிரித்து வைத்தார்.

அந்த டாடிதான் தங்கச் சுரங்கத்து ஒர்க்ஷாப்பின் ஃபோர்மேன். நெடுஞ்செழியன் அவருக்குக் கீழே லேத்தில் கடைசல் பிடித்தவர். இந்தக் கார் அவருடையது. இரண்டே பேர் உட்காரும் ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்திரண்டாம் வருஷத்து இங்கிலீஷ் ஸ்போர்ட்ஸ் கார். முப்பது வருஷத்துக்கு மேலாக இந்த ஷெட்டின் பக்கமே நெடுஞ்செழியன் வந்ததில்லை. வேறொருவன் வந்து பார்த்தால் முன் சக்கரத்தைக் கழற்றுவான், தான் வந்தால் கழற்றாமலே எழுதிவிடலாம். அதற்காகத்தான் வந்திருந்தார்.

வேலை ஆரம்பித்தது. கதவுக் கீலின் ஓரத்தில் பிளேடால் ஒரு மயிரிழை சுரண்டினார், சிவப்புக்கு அடியில் பச்சை தெரிந்தது, அது முதல் வண்ணம். கண்ணாடியின் மூலையில் தயாரித்தவன் பெயர் பொறித்திருந்தது. போல்ட்டுகளின் மரையில் அளவுச் சீப்பை வைத்துப் பார்த்தார், எல்லாம் பழைய இங்கிலீஷ் மரை. ஒவ்வொன்றுக்கும் எதிரே ‘ஒரிஜினல்’ என்று அழகாக எழுதினார். தகரக் கூரையில் மழை ஒரே சீராக விழுந்தது. மண்ணெண்ணெய், பழைய தோல், எலிப் புழுக்கை வாசனைகளுக்கு அடியில் இன்னொரு வாசனையும் ஓடிக்கொண்டிருந்தது. ஈரப்பாறையும் வெடிமருந்துப் புகையும் சூடேறிய சவுக்கு மரமும் கலந்த வாசனை. பூமிக்குக் கீழே ஆயிரக்கணக்கான அடியில், சுரங்கப் பாதையில் மட்டும் அடிக்கிற வாசனை. சுரங்கம் மூடி இருபத்தைந்து வருஷம் ஆகப்போகிறது.

“சார், கார் லெஃப்ட் சைடு சாஞ்சிருக்கா?” என்றான் ரூபேஷ், போனை உயர்த்திப் படம் எடுத்தபடி.

மகிழன் எட்டிப் பார்த்தான். “ஆமா, எறங்கித்தான் கீது. நேத்து லெவலா இருந்துச்சே.”

“தரை மேடு பள்ளம்” என்றார் நெடுஞ்செழியன்.

எழுந்து வலப்பக்கம் வந்தவர் அங்கேயே நின்றுவிட்டார். முன் சக்கரம் இல்லை. கட்டையின் மேல் அச்சு நின்றது. கீழே மண்ணெண்ணெய்த் தட்டில் இரண்டு உருக்குத் தண்டுகள், பெருவிரல் தடிமனில், பளபளவென்று.

“மாமாவுக்கு வேல மிச்சமாவட்டும்னு நானே ரெண்டு பக்கமும் கிங் பின்ன கழட்டி, இடது சக்கரத்த மட்டும் வெறுமனே முட்டு குடுத்து நிக்க வெச்சேன்” என்றான் மகிழன் பெருமையாக. “இத பாக்காம நீங்க கையெழுத்து போடுவீங்களா?”

சக்கரம் இடமும் வலமும் திரும்புவதற்கு நடுவே அச்சாக நிற்பது கிங் பின். நெடுஞ்செழியன் ஒன்றை எடுத்துத் துடைத்தார். தலைப்பில் எண். கம்பெனியில் மெஷின் ஒரே அடியில் எண்ணைப் பதிக்கும், எல்லா இலக்கமும் ஒரே ஆழத்தில், ஒரே வரிசையில் நிற்கும். கையால் ஒவ்வொன்றாகச் சுத்தியலால் அடித்தால் ஒன்று தாழும், ஒன்று சாயும். இதில் சாய்ந்திருந்தன. ஏழுக்குப் பாதிக் கால் இல்லை.

அந்த ஏழு அவருடைய ஏழு.

அது ஒரு கிறிஸ்துமஸுக்கு முந்தைய வாரம். ஃபோர்மேனுக்குக் காரை எடுத்தாக வேண்டும், கிங் பின் தேய்ந்து சக்கரம் ஆடியது. ஷாஃப்டில், அதாவது சுரங்கத்துக்கு இறங்கும் செங்குத்துக் குழியில், ஆள் ஏறும் கூண்டைக் கயிற்றோடு பூட்டுகிற பின் இரண்டு ஸ்டோரில் மாற்றுக்காக இருந்தன. வெளிநாட்டு உருக்கு, சோதித்து முத்திரை போட்டு வந்தவை. “மாத்து பின்ன யார் மேன் எடுக்கப் போறான்? ஒண்ண கடஞ்சி எனக்கு ரெண்டு பின் குடு. அதுக்கு பதிலா சாதா ராடுல ஒண்ணு செஞ்சி, அதே நம்பர் அடிச்சி வெச்சிடு” என்றார் ஃபோர்மேன். நெடுஞ்செழியன் கடைந்தார். மூன்று பின்னிலும் கம்பெனி எண் போலவே அடித்தார். ஏழு என்ற இலக்கத்தை அடிக்கும் பஞ்ச் அச்சு ஒருமுறை கீழே விழுந்து கால் உடைந்திருந்தது, அதனாலேயே அடித்தார். கார் கிறிஸ்துமஸுக்கு ஓடியது.

நான்கு மாதம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை, பழைய பின் தேய்ந்துவிட்டதென்று நெடுஞ்செழியன் செய்த அந்த மாற்றுப் பின்னைக் கூண்டில் பூட்டினார்கள். ஷாஃப்டைச் சோதிக்கும் வேலையில் இருந்த தசரதன் அதைக் கையில் வாங்கி, எண்ணைப் பார்த்துவிட்டுத்தான் ஏறினான். பாதி வழியில் பின் முறிந்து கூண்டு அடி வரை விழுந்தது. பக்கத்து லைன் வீட்டுக்காரன். மகிழனின் அப்பா. மகிழனுக்கு அப்போது மூன்று மாதம்.

விசாரணையில் நெடுஞ்செழியன் ஒரு கடிதம் எழுதிக் கொடுத்தார். ‘மேற்படி பின் கம்பெனியிலிருந்து வந்த ஒரிஜினல். ஒர்க்ஷாப்பில் செய்ததல்ல.’ அப்படியானால் தப்பு யார்மேல் விழும்? பின்னைச் சரியாகப் பூட்டாமல் ஏறியதாகத் தசரதன் மேலேயே விழுந்தது. அன்று சாயங்காலமே கால் உடைந்த அந்தப் பஞ்சைச் சுரங்கக் கழிவு குவிந்த சயனைடு மேட்டில் வீசி எறிந்தார். தசரதனின் மனைவி பழனியம்மா மட்டும் இன்றுவரை ஒப்புக்கொள்ளவில்லை. “எங்க வூட்டுக்காரு செருப்ப போடறதுக்கே ரெண்டு வாட்டி உதறி பாப்பாரு. ஊருக்கெல்லாம் லெட்டர் எழுதறீங்களே, அவரு அஜாக்கிரதையான ஆளு இல்லன்னு எனக்கு ஒரே ஒரு லெட்டர் எழுதி குடுங்கண்ணா” என்று பார்க்கும்போதெல்லாம் கேட்பாள். எழுதறேம்மா, எழுதறேம்மா என்று முப்பது வருஷம் ஓடிவிட்டது.

“மாமா, ஒரு விஷயம் பாருங்க.” மகிழன் இடுப்பிலிருந்து சாவிக் கொத்தை எடுத்தான். அதில் வட்டமாக ஒரு பித்தளை டோக்கன் தொங்கியது. சுரங்கத்தில் இறங்குகிறவன் தன் எண் போட்ட டோக்கனைப் பலகையில் மாட்டிவிட்டு இறங்குவான், ஏறி வந்து எடுத்துக்கொள்வான். பலகையில் மிச்சமிருந்தால் ஆள் கீழே இருக்கிறான் என்று அர்த்தம். தசரதனின் 477 மூன்று நாள் பலகையிலேயே தொங்கியது. “எங்கப்பா டோக்கன்ல கீற ஏழும் இந்த பின்னுல கீற ஏழும் ஒரே மாதிரி கீது. காலு பாதி இல்ல.”

டோக்கன்களுக்கு எண் அடித்ததும் ஒர்க்ஷாப்தான்.

“எல்லா ஏழும் ஒரே மாதிரிதாண்டா இருக்கும்” என்றார் நெடுஞ்செழியன். குரல் வேறு யாருடையதோ போல வந்தது.

டங். டங். டங்.

காரின் உடம்புக்குள்ளிருந்து, தகட்டை உலோகத்தால் தட்டுகிற சத்தம். நிறுத்தி நிதானமாக மூன்று. அவர் சுற்றிலும் பார்த்தார். லவினா கொட்டாவி விட்டாள். ரூபேஷ் போனைத் தேய்த்துக்கொண்டிருந்தான். யாருக்கும் கேட்கவில்லை. ஷாஃப்டில் மணி மூன்று முறை அடித்தால் ஆள் கூண்டில் ஏறுகிறான் என்று பொருள். அடுத்து இரண்டு அடித்தால், கூண்டைக் கீழே இறக்கு என்று பொருள்.

“வாங்க, கேக்கு வெட்டி வெச்சிருக்கேன். டீ ஆறுது” என்று லவினா எழுந்தாள். ரூபேஷும் மகிழனும் அவள் பின்னால் குடை இல்லாமல் ஓடினார்கள்.

“எனக்கு வேணாம். நீங்க போங்க” என்றார். ஏன் அப்படிச் சொன்னோம் என்று அடுத்த நொடியே வருந்தினார்.

ஷெட்டில் மழையும் அவரும். பகல்தான். ஆனாலும் தகரக் கதவின் வழியே வந்த வெளிச்சம் பானெட்டோடு நின்றுவிட்டது, இருக்கைகள் வரை போகவில்லை. மண்ணெண்ணெய்த் தட்டில் எங்கிருந்தோ சொட்டு விழுந்துகொண்டிருந்தது. கூரை ஒழுகுகிறதென்று நினைத்து அண்ணாந்தார், கூரை காய்ந்திருந்தது. சத்தம் தட்டிலிருந்து வரவில்லை. காருக்குள்ளிருந்து வந்தது.

சுற்றிக்கொண்டு இடப்பக்கம் போனார். கைப்பிடியைத் தொடவில்லை. கதவு தாழ்வான கதவு, எட்டிப் பார்த்தாலே போதும்.

பழுப்புத் தோல் இருக்கை நடுவில் அமுங்கியிருந்தது. எழுபது வருஷத்துத் தோல், அமுங்காமல் என்ன செய்யும்? ஆனால் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது இன்னும் கொஞ்சம் அமுங்கியது. பிறகு லேசாக எழுந்தது. மறுபடி அமுங்கியது. மூச்சு விடுகிற ஆள் உட்கார்ந்திருந்தால் எப்படியோ, அப்படி. கீழே மிதியடியில் சாம்பல் நிறச் சேறு. இரண்டு பூட்ஸ் அளவுக்கு. ஈரம் காயாத சேறு.

தலை இருக்க வேண்டிய உயரத்தில், வெறும் காற்றில், ஒரு நீர்த்துளி திரண்டது. ஹெல்மெட் விளிம்பில் திரள்வது போல. கனத்தது. விழுந்தது.

தோலின் மேல் டப்பென்று சத்தம்.

இன்னொன்று திரண்டது.

“தசரதா” என்றார். உதடு மட்டும் அசைந்தது. “சொல்லிடறேன். இன்னிக்கி சொல்லிடறேன். உன் பையன்கிட்டயே சொல்லிடறேன்.”

துளி விழாமல் அப்படியே நின்றது. கேட்டுக்கொண்டிருப்பது போல.

வாசலில் காலடிச் சத்தம். மகிழன் ஈரத் தலையோடு, காகிதத் தட்டில் ஒரு துண்டு கேக்கோடு நின்றான். பின்னால் ரூபேஷ். அதற்கும் பின்னால் குடையோடு லவினா.

“சார், நாலரைக்குள்ள லெட்டர் போஸ்ட் ஆவணும்னு எங்க பாஸ் சொல்றாரு. இங்க் கையெழுத்து போட்ட ஒரிஜினல் பேப்பர்தான் வேணுமாம்” என்றான் ரூபேஷ். “ஒரே கேள்வி சார். எல்லாம் ஃபாக்டரி ஒரிஜினல்தானே? அந்த பின்னு?”

மகிழன் கேக்குத் தட்டை நீட்டியபடி அவர் முகத்தைப் பார்த்தான். அவன் கண் தசரதனின் கண். சந்தேகம் துளியும் இல்லாத கண். எண்ணைப் பார்த்துவிட்டு நம்பி ஏறுகிறவனின் கண். சொல்லிவிட வேண்டும். இந்தப் பின் நான் கடைந்தது. உன் அப்பாவின் கூண்டுப் பின்னும் நான் கடைந்தது. இரண்டு வாக்கியம். வாயைத் திறந்தார். அறுபத்தொன்பது வயது. பேத்தி ஓவியாவின் கல்யாணம் தை மாதம். ஊர் புத்த விகாரையில் முன்வரிசை இடம். பெங்களூரில் மரியாதை உள்ள கையெழுத்து.

“கம்பெனியிலிருந்து வந்த ஒரிஜினல்” என்றார். “ஒர்க்ஷாப்பில் செய்ததல்ல.”

ஒர்க்ஷாப்பைப் பற்றி அங்கே யாரும் கேட்கவே இல்லை.

க்ரீச்சென்று பட்டை ஸ்பிரிங் முனகியது. காரின் இடப்பக்கம் ஒரு விரற்கடை எழும்பி, சமமாக நின்றது.

“பாத்தீங்களா, காருகூட நிம்மதியாயிடுச்சி” என்று சிரித்தான் ரூபேஷ்.

நெடுஞ்செழியன் மெல்லத் திரும்பினார். இருக்கை உப்பி, தட்டையாக இருந்தது. சேறு இல்லை. துளி இல்லை. நெஞ்சிலிருந்து பெரிய பாறையை எடுத்து வைத்தது போல இருந்தது. போய்விட்டான். கேட்டுக்கொண்டான், போய்விட்டான். கேக்கை வாங்கி ஒரே வாயில் தின்றார்.

மகிழனின் பைக்கில் ராபர்ட்சன்பேட்டைத் தபாலாபீசுக்குக் கிளம்பினார்கள். மழை தூறலாகியிருந்தது. வண்டி நகர்ந்ததும் மகிழன் கேட்டான். “மாமா, பின்னாடி ரொம்ப தள்ளி உக்காந்துட்டீங்களா? கொஞ்சம் முன்னாடி வாங்க. ஹேண்டில் தூக்குது.”

அவர் ஏற்கெனவே அவன் முதுகோடு ஒட்டித்தான் உட்கார்ந்திருந்தார்.

“காத்து கம்மியாட்டம் கீது. மூணு பேரு போற மாதிரி இழுக்குது.”

தசரதன் காரைவிட்டு இறங்கியிருந்தான். அவ்வளவுதான். போகவில்லை.

முதுகு நனைந்தது. தூறல் முன்னாலிருந்து அடிக்க, முதுகு மட்டும் நனைந்தது. சட்டை ஒட்டியது. அந்தக் குளிர்ச்சி மழையின் குளிர்ச்சி அல்ல. பாறையின் குளிர்ச்சி. தோளில் ஏதோ கனம். திரும்பவில்லை. சயனைடு மேடு இடப்பக்கம் வெள்ளையாக வந்து போனது. துருப்பிடித்த ஷாஃப்டு கோபுரம் வந்து போனது. திரும்பவில்லை. காதோரம் வெடிமருந்துப் புகை வாசனை. கண்ணை மூடினார்.

தபாலாபீசில் வரிசை சின்னதாக இருந்தது. ஓரத்து மேஜையில் உட்கார்ந்து, குறிப்பேட்டைத் திறந்து, முத்து முத்தான எழுத்தில் கடிதத்தை எழுதத் தொடங்கினார். உடனிருந்தவர்கள். வாசலையொட்டித் திருமதி லவினா. எண்ணெய் டின்னின் மேல் திரு. ரூபேஷ். சக்கரத்தருகே மகிழன். முக்காலியில் நான். குறிப்பேட்டின் கடைசி வரிக்குக் கண் போனது.

‘காரின் இடது இருக்கையில் இருந்தவர் இறங்கிவிட்டார்.’

அவருடைய கையெழுத்து. அவருடைய மை. அடித்தல் திருத்தல் இல்லை.

உள்ளங்கையால் அந்த வரியை மூடிக்கொண்டார். மூடியபடியே மிச்சத்தை எழுதினார். ‘கிங் பின்கள் இரண்டும் கம்பெனியிலிருந்து வந்த ஒரிஜினல்.’ கையெழுத்துப் போட்டார். ஒரே ஒரு தாள். இரண்டாக மடித்து உறைக்குள் வைத்தார். பசை டப்பாவில் குச்சியை விட்டுத் தடவி, விளிம்பை அழுத்தி ஒட்டினார். பெருவிரலால் மூன்று முறை தேய்த்தார்.

“மாமா, நீங்க வரிசையில நில்லுங்க. நான் வண்டிக்கு காத்து அடிச்சிட்டு வந்துடறேன்.” மகிழன் பாக்கெட்டைத் தடவினான். இன்னொரு பாக்கெட்டைத் தடவினான். சாவிக் கொத்தை எடுத்து வெளிச்சத்தில் பார்த்தான். “ஐயே. மாமா, அப்பா டோக்கன் காணோம்.”

நெடுஞ்செழியன் உறையோடு கவுண்டர் பக்கம் நகர்ந்தார். அவர் முறை வந்துவிட்டது.

கவுண்டரில் இருந்த ஸ்வப்னா உறையை வாங்கித் தராசில் வைத்தாள். நெற்றியைச் சுருக்கினாள். “ஸ்பீட் போஸ்ட்டா தாத்தா? உள்ள இன்னா வெச்சிருக்கீங்க? ஒரு பேப்பர்னா இவ்ளோ கனம் வராதே.”

“ஒரு பேப்பர்தாம்மா.”

“எதோ ரவுண்டா கீதே. காசா? நாணயமெல்லாம் அனுப்பக்கூடாது தாத்தா.”

உறையின் நடுவே, உள்ளிருந்து காகிதத்தை அழுத்திக்கொண்டு, ஒரு வட்டம். வட்டத்துக்குள் மேடாக மூன்று இலக்கம். நாலு. ஏழு. ஏழு. இரண்டு ஏழுக்கும் பாதிக் கால் இல்லை.

குடுத்துடும்மா, நான் வேற எழுதறேன் என்று சொல்ல வாயெடுத்தார். வாயில் சேறு. நாக்கு புரளவில்லை.

“சரி, போகட்டும். க்ளோசிங் டைம்” என்றாள் ஸ்வப்னா. பார்கோடு சீட்டை ஒட்டினாள். தேதி முத்திரையை மையில் ஒற்றி எடுத்தாள்.

டங். டங். டங்.

ஆள் ஏறியாச்சு. இடது தோளோடு ஒரு தோள் வந்து ஒட்டியது. ஈரமாக. பாறைக் குளிர்ச்சியோடு. ஹெல்மெட் விளிம்பிலிருந்து ஒரு துளி திரண்டு அவர் புறங்கையில் விழுந்தது.

அவள் உறையைப் பின்னால் இருந்த சாக்குப் பைக்குள் எறிந்தாள். பையன் ஒருவன் வாயைக் கட்டி வண்டிக்குத் தூக்கிப் போனான். “அடுத்தது யாரு?” என்றாள். அடுத்தவர் தபாலை எடுத்தாள்.

டங். டங்.

நெடுஞ்செழியன் பார்த்துக்கொண்டிருக்கும்போதே கவுண்டரின் கம்பி வலை, அதன் பின்னால் ஸ்வப்னாவின் முகம், சுவர்க் கடிகாரம், ஜன்னல் வெளிச்சம், வாசலில் சாவிக் கொத்தோடு நிற்கும் மகிழன், எல்லாம் சத்தமில்லாமல் மேலே போகத் தொடங்கின.